சேகரைக் கும்பிடச் சொல்லாதே

என் மகனுக்கு,

நீ வெளியே போயிருக்கும்போது நான் அனுப்பும் வாய்ஸ் மெசேஜை நீ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் கேட்கிறாய் என்று போன மாதம் உன் அம்மா சொன்னாள். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் அவள் தன் போனில் அதே மாதிரி வைத்துக் காட்டினாள். "சாப்ட்டியா கண்ணு" என்று நான் நிறுத்தி நிதானமாகக் கேட்டது, பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன் கேட்டது மாதிரி இருந்தது. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன். லாரி சலானின் பின்பக்கத்தில் கிறுக்கிப் பழகிய கையெழுத்து இது, பொறுத்துக்கொள். நடுவில் விட்டுவிட்டு எழுந்து போனாலும் பரவாயில்லை, திரும்பி வந்து படி.

ஞாயிற்றுக்கிழமை உனக்குக் கல்யாணம். காலையில் மாதா கோயிலில் பூசை, சாயங்காலம் ஹாலில் ரிசப்ஷன். அந்த ரிசப்ஷன் மேடையில் சேகருக்கு ஒரு டீக்கடைத் தள்ளுவண்டி கொடுத்து, அதை வீடியோ எடுத்துப் போடப்போகிறாய் என்று உன் சிநேகிதர்கள் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அவன் கண் கலங்கக் கும்பிட வேண்டும், நீ அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்பதுவரை பேசி வைத்திருக்கிறீர்கள். அதைச் செய்யாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். எந்தச் சேகர், ஏன் செய்யக்கூடாது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் என்றைக்காவது நீ கட்டப்போகிற ஸ்டெல்லா இதை எடுத்துப் படிக்கலாம், உன் பிள்ளைகள் படிக்கலாம், ஊரே படித்தாலும் படிக்கட்டும். அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்தே எழுதுகிறேன்.

உனக்கு முதல் போன் வாங்கிக் கொடுத்தது நான்தான். கொரோனாவில் பள்ளிக்கூடமெல்லாம் மூடிக்கிடந்தபோது, போனில்தான் பாடம் என்று சொன்னார்கள். காலடிப்பேட்டையில் நம் ஒண்டுக்குடித்தன வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மாடிப்படியின் கடைசிப் படியில் நீ உட்கார்ந்து படிப்பாய். படிக்கிறாய் என்றுதான் நினைத்தேன். பிறகு பாடமில்லாத நேரத்திலும் அங்கேயே இருந்தாய். உன் அம்மா கத்தினாள். நான்தான் "வுடு, புள்ள வெளிய போயி கண்டவங்களோட சுத்தாம கீறானே" என்றேன். உண்மையைச் சொல்கிறேன், வீடு சத்தமில்லாமல் இருந்தது எனக்குப் பிடித்திருந்தது. வேலை முடிந்து வந்து நானும் ஒரு மூலையில் என் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். சாம்பார் கிண்ணத்தில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடுவேன். அந்தப் பழக்கம் உனக்கு எங்கிருந்து வந்தது என்று வேறு யாரையும் கேட்க வேண்டாம்.

நீ டெங்குக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தது நினைவிருக்கிறதா? முதல் நாள் கையில் டிரிப்ஸ் ஊசியோடு போட்டோ எடுத்துப் போட்டாய். யார் யாரோ விசாரித்தார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே எல்லாருக்கும் பதில் போட்டாய். இரண்டாம் நாளும் ஒரு போட்டோ போட்டாய். அன்றைக்கு ஏனோ யாரும் கண்டுகொள்ளவில்லை. சாயங்காலம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாய். என்னடா என்றதற்கு, "யாருமே கேக்கல நைனா" என்றாய். நான் இரண்டு நாளாக அந்தக் கட்டில் பக்கத்தில்தான் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. கையைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஆள் கணக்கிலேயே வராத ஓர் இடத்துக்கு நீ போய்விட்டாய் என்று அன்றைக்கே எனக்குப் புரிந்தது. புரிந்தும் நான் ஒன்றும் செய்யவில்லை. உன் போனுக்கு சார்ஜ் இல்லை என்று நர்ஸிடம் போய் சார்ஜர் வாங்கி வந்தேன்.

அப்புறம் நீ வீடியோ போட ஆரம்பித்தாய். நம் பேச்சை வைத்துத்தான் ஆரம்பித்தாய். வெளியாட்களிடம் டிவி செய்தி வாசிக்கிறவர் மாதிரி "இருக்கிறது", "வருகிறேன்" என்று பேசுவாய். போனைப் பிடித்துவிட்டால் 'கீது', 'வந்துகினு' என்று, நான்கூடப் பேசாத அளவுக்குப் பேசுவாய். யார் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். இன்னும் லோக்கலாகப் பேசு என்று எழுதினார்கள், நீயும் பேசினாய். உன் தாத்தா ஹார்பரில் மூட்டை தூக்கிக்கொண்டு பேசிய பேச்சு அது. அவர் யாரையும் சிரிக்கவைக்க அப்படிப் பேசவில்லை. இதை நான் உன்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னேன். "அவங்க நம்பள பாத்து சிரிக்கல நைனா, நம்ப கூட சிரிக்கிறாங்க" என்றாய். நீ சொன்னது சரியாக இருக்குமோ என்று எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

இனி யார்டு விஷயம். நான் வேலை பார்த்த லோடிங் யார்டு உனக்குத் தெரியும், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். எண்ணூர் போகிற ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்குமே, அதைத் தாண்டி உள்ளே. நான் அங்கே சிக்னல்மேன். கிரேன் டிரைவர் மேலே கேபினில் இருப்பார். டிரெய்லருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது, இன்ஜின் சத்தத்தில் வாயால் கத்தினாலும் கேட்காது. என் கையை மட்டும்தான் அவர் பார்ப்பார். முஷ்டியை மூடிப் பிடித்தால் அப்படியே நிற்க வேண்டும். விரலைக் கீழே காட்டி வட்டம் போட்டால் இறக்க வேண்டும். ஏன், எதற்கு என்று யோசிக்கக்கூடாது. யோசித்தால் ஆள் சாவான். இருபத்தாறு வருஷம் அந்த வேலை பார்த்தேன். மூக்கில் ஈ உட்கார்ந்தால்கூடக் கையைத் தூக்கமாட்டேன். கை தூங்கும்போதுகூட ஒழுங்காக இருக்க வேண்டும் என்று உன்னிடம் பெருமையடித்திருக்கிறேன்.

சேகர் என் கோஷ்டியில் கொக்கி மாட்டுகிறவன். இரும்புத் தகட்டைச் சுருட்டி ஆளுயரத்துக்கு உருளையாக வைத்திருப்பார்கள், காயில் என்போம். அதை டிரெய்லரில் இறக்கும்போது உருளாமல் இருக்க அடியில் மரக்கட்டை கொடுக்க வேண்டும். காயில் ஒரு சாண் உயரத்தில் தொங்கும். நான் முஷ்டியை மூடி நிறுத்தியிருப்பேன். சேகர் கையை உள்ளே விட்டுக் கட்டையைச் சரியாக வைப்பான். கையை எடுத்ததும் "ரைட்டு" என்பான். அதற்கப்புறம்தான் என் விரல் வட்டம் போடும். எத்தனை ஆயிரம் தடவை செய்திருப்போம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அன்றைக்கு நீ எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாய். வெளியாள் உள்ளே வரக்கூடாது. கேட்டில் இருந்தவர் தெரிந்தவர், நான் சொன்னேன் என்று விட்டுவிட்டார். என் வேலையை வீடியோ எடுக்கணும் என்று நீ ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாய். எனக்கும் ஆசை, இல்லை என்று சொல்லமாட்டேன். காலையிலேயே சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனேன். நீ எடுத்தாய். நான் விரலால் வட்டம் போட்டேன், காயில் இறங்கி வந்தது, முஷ்டியை மூடினேன், நின்றது. சேகர் கையை உள்ளே விட்டான். அப்போது நீ போனைத் தாழ்த்திவிட்டு, "நைனா, இன்னொரு தபா! மூஞ்சில வெய்யில் அடிச்சிட்ச்சி. இப்டி என்னப் பாத்து!" என்றாய்.

நான் உன்னைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். சிரித்தேன். விரலைக் கீழே காட்டி இன்னொரு தடவை வட்டம் போட்டேன். டிரைவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார்.

சேகர் கத்தியதை நான் எழுதப்போவதில்லை. உனக்கே தெரியும்.

சூப்பர்வைசர் விசாரித்தபோது, "நான் ஸ்டாப் குடுக்கறதுக்கு முன்னாடியே அவன் கைய வுட்டுட்டான் சார்" என்றேன். வெளியாள் யாராவது உள்ளே இருந்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அதற்குள் நீ கேட்டுக்கு வெளியே போய்விட்டாய், நான்தான் போகச் சொன்னேன். கிரேன் டிரைவர் மட்டும், "உன் வெரல் சுத்திச்சி அண்ணே, நான் பாத்தேன்" என்று என் முகத்துக்கு நேராகச் சொன்னார். நான் இல்லவே இல்லை என்று சாதித்தேன். இருபத்தாறு வருஷக்காரன் பேச்சைத்தான் நம்பினார்கள். அவர் மனம் வெறுத்துக் காட்டுப்பள்ளிப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். சேகருக்கு வலது கை மணிக்கட்டோடு போயிற்று. அவன் கவனக்குறைவு என்று எழுதி மூடிவிட்டார்கள். காலையிலேயே குடித்திருந்தான் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவன் குடிக்காதவன் என்று எனக்குத் தெரியும். என் எதிரிலேயே அப்படிப் பேசினார்கள், நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் நீ என்னிடம் வந்து நின்றாய். முகமெல்லாம் வீங்கியிருந்தது. அந்த வீடியோவை அழித்துவிட்டேன் என்று சொல்லப்போகிறாய் என நினைத்தேன். "நைனா, மொத எடுத்தது மட்டும் போட்டுடறேன். நான் டெய்லி போடறேன்ல. இன்னிக்கி போடலன்னா இன்னாத்துக்குன்னு கேப்பானுங்க" என்றாய். உனக்கு அப்போது இருபத்தொரு வயது. ஒருவன் கை போனது உனக்குத் தெரியாமலில்லை, அழுதிருந்தாய். ஆனாலும் தினமும் போட வேண்டும் என்பது உனக்கு மூச்சு விடுவது மாதிரி ஆகியிருந்தது. நான் உன்னை ஓங்கி ஓர் அறை விட்டிருக்க வேண்டும், போனைப் பிடுங்கி உடைத்திருக்க வேண்டும். நான் சொன்னது "சரி, போடு". பாட்டெல்லாம் சேர்த்துப் போட்டாய். அயர்ன் பண்ணின சட்டையில் நான் கையைச் சுற்றி, ராஜா மாதிரி நிற்கிறேன். யார்டில் கேட்டவர்களிடம், அது வேறு ஒரு நாள் எடுத்தது என்று சாதித்தேன். அந்த வீடியோதான் உன்னைத் தூக்கிவிட்டது. ஊரெல்லாம் என்னை 'சிக்னல் நைனா' என்றார்கள். அப்பாவை இப்படி மதிக்கிற பையன் என்று பார்த்துத்தான் ஸ்டெல்லாவே உன்னிடம் பேச ஆரம்பித்தாள். இதை அவளே என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டு சொன்னாள். நல்ல பெண். அவளிடம் நான் என்ன சொல்வேன்?

கல்யாணத்துக்கு முன்னால், நாளைக்கு நீ கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போவாய். என்ன சொல்வாய் என்று கேட்கமாட்டேன். நான் மூன்று வருஷமாக, "பொய் சொன்னேன் சாமி" என்று மட்டும் சொல்லிவருகிறேன். என்ன பொய் என்று அவர் கேட்பதில்லை. மூன்று தடவை அருள் நிறைந்த மரியே மந்திரம் சொல்லச் சொல்வார், சொல்லிவிட்டு வருவேன். பொய் அப்படியேதான் இருக்கிறது.

நேற்று சாயங்காலம் கொருக்குப்பேட்டைக்குப் போய் சேகரைப் பார்த்தேன். வண்டி விஷயம் என் காதில் விழுந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ரயில்வே லைன் ஓரத்து வீடு, கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் பேச்சை நிறுத்த வேண்டும். உட்கார்ந்ததும் உட்காராததுமாகச் சொல்லிவிட்டேன். "சேகரு, அன்னிக்கி என் மேலதான் தப்பு. என் வெரல் சுத்திச்சி" என்றேன். அழுதேன். அவன் இடது கையால் எனக்குத் தண்ணீர்ச் சொம்பைத் தள்ளினான்.

"தெரியும்ணே" என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் மகள் திவ்யாவைக் கூப்பிட்டு, அதைக் காட்டு என்றான். பிளஸ் டூ படிக்கிறாள். போனில் உன் வீடியோவைச் சேமித்து வைத்திருக்கிறாள். கடைசியில், நான் முஷ்டியை மூடி நிற்கும்போது பின்னால் சேகரின் கை காயிலுக்கு அடியில் போவது தெரிகிறது. முடியப்போகிற நேரத்தில் உன் குரல் கேட்கிறது. "நைனா, இன்னொரு தபா." அதை நீ வெட்டாமல் விட்டிருக்கிறாய். அத்தனை பேர் பார்த்தும் ஒருவருக்கும் தெரியவில்லை, இந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா கையைக் கடைசியாக முழுசாகப் பார்க்கிற இடம் என்று அதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறாள்.

"அப்ப ஏன்டா ஒண்ணும் கேக்கல?" என்றேன்.

"கேட்டு? இத்த நான் வெளிய போட்டா ரெண்டு நாளு பேசுவாங்க. உன் புள்ளய திட்டுவாங்க, அப்புறம் என்னிய திட்டுவாங்க. மூணாவது நாளு வேற எவனயாவது புட்ச்சிகுவாங்க. என் கை மொளைக்குமாண்ணே? வண்டி வந்தா நான் டீ வித்துகினு போவேன்." ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிந்ததும் மறுபடி பேசினான். "உன் புள்ளயோட தோஸ்து ஒருத்தன் வந்து சொல்லிக் குடுத்துட்டுப் போனான். வண்டிய வாங்கிகினு அழுவணுமாம், அழுவறேன், அது ஒண்ணும் கஷ்டமில்ல. கும்பிட மட்டும் சொல்ல வாணாம்னு சொல்லுண்ணே. ஒரு கையி வச்சிகினு கும்புட்டா பாக்க கலீஜா இருக்கும்."

அவன் கோபப்பட்டிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அவன் கோபப்படவே இல்லை. அதைவிட மோசமானது ஒன்று, நான் எழுந்து செருப்பு மாட்டும்போது நடந்தது. திவ்யா வாசல்வரை வந்தாள். ஏதாவது கேட்கப்போகிறாள், திட்டட்டும், காறித் துப்பட்டும் என்று நின்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அங்கிள், அந்த வீடியோல அண்ணா என்னியும் டேக் பண்ணுவாரா?" என்று கேட்டாள். பச்சைச் சுடிதார் நன்றாக இருக்குமா, மஞ்சளா என்றும் கேட்டாள். எல்லாம் தெரிந்த பெண். அப்பாவின் கை எப்படிப் போனது என்று நம் இருவரையும் சேகரையும் தவிர முழுசாகத் தெரிந்தது அவளுக்குத்தான். நான் "பண்ணுவாம்மா" என்றேன். மஞ்சள் நல்லா இருக்கும் என்றேன். ரயில்வே கேட் வரை வந்தேன். ஓரமாக உட்கார்ந்துவிட்டேன்.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல என்னால் முடியவில்லை. உங்கள் வயதுப் பிள்ளைகள் எல்லாரும் அந்த ஒரு ஜன்னலுக்கு முன்னால் நெரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அடிபட்டவள் நிற்கிறாள், அடித்தவனும் நிற்கிறான், தன் முகம் தெரிந்தால் போதும் என்று இரண்டு பேரும் எட்டிப் பார்க்கிறீர்கள். போனைத் தூக்கிப்போடு என்று நான் சொல்லப்போவதில்லை. அது இன்றைக்கு உன் சோறு. போட்டாலும் நீ மாறமாட்டாய், அது உள்ளே போய்விட்டது. எனக்கும் போய்விட்டது. தெருவில் யாராவது "சிக்னல் நைனா" என்று கூப்பிட்டால் இன்றைக்கும் என் விரல் தானாக ஒரு வட்டம் போடுகிறது. செல்ஃபிக்கு நிற்கிறேன்.

அதனால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வண்டியைக் கொடு, ஆனால் அவன் வீட்டு வாசலில் போனில்லாமல் கொண்டுபோய் விடு. அது முடியாதென்றால் மேடையிலேயே கொடு, ஆனால் உண்மையைச் சொல்லிக் கொடு. அதுவும் முடியாதென்றால், அவனைக் கும்பிடவாவது சொல்லாதே. நான் எவ்வளவு இறங்கி வந்துவிட்டேன் பார்.

இன்று வெள்ளிக்கிழமை. நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். ரிசப்ஷனுக்கு எந்தப் பாட்டு வைக்கலாம் என்று சத்தமாகப் போட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். எழுந்து பத்தடி நடந்தால் இதை உன் கையில் கொடுத்துவிடலாம். கொடுத்தால் நீ என்னோடு சண்டை போடுவாய், ஸ்டெல்லா காதுக்குப் போகும், அவள் வீட்டார் வருவார்கள், பத்திரிகை வைத்த நூறு வீட்டுக்கு உன் அம்மா பதில் சொல்ல வேண்டும். அன்றைக்கு சூப்பர்வைசர் முன்னால் நின்றவன்தான் நான். மூன்று வருஷத்தில் எனக்குப் புதிதாகத் தைரியம் வந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் மேடைக்கு வருவேன். சேகர் தோளில் கை போடச் சொன்னால் போடுவேன், கேமராவைப் பார்க்கச் சொன்னால் பார்ப்பேன்.

நீங்கள் மறுவீடு போய்விட்டு வந்த பிறகு, வியாழக்கிழமை வாக்கில் இதை உனக்குத் தருகிறேன். அதற்குள் அவன் கும்பிட்டு முடித்திருப்பான்.

உன் நைனா